வெடித்தும் சாகாத விண்மீன்



நேற்று வரை வெறும் இருட்டாக இருந்த இடத்தில் இன்று ஒரு நட்சத்திரம் பளிச்சுனு தெரிந்தால் என்ன நினைப்பீர்கள்? புதுசாப் பிறந்திருக்கு என்றுதானே? அந்தக் கால வானியலாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அதனால் ‘நோவா’ என்று பெயர் வைத்தார்கள். லத்தீன் மொழியில் நோவா என்றால் புதியது. பெயர் நிலைத்துவிட்டது, அர்த்தம்தான் தப்பு. அந்த நட்சத்திரம் எப்பவும் அங்கேதான் இருந்தது, நம் கண்ணுக்கு எட்டாத மங்கலில்.

அப்படி ஒன்றுதான் ஆர்.எஸ். ஓபியூக்கி. விருச்சிகத்துக்கு வடக்கே, பாம்பு பிடிப்பவன் என்று சொல்லப்படும் ஓபியூக்கஸ் மண்டலத்தில் இருக்கிறது. 1898, 1933, 1958, 1967, 1985, 2006, 2021 என்று ஏழு தடவை வெடித்ததைப் பார்த்திருக்கிறார்கள். வெடித்தால் அழிந்துபோக வேண்டாமா? எப்படித் திரும்பத் திரும்ப வெடிக்கிறது?

உண்மையில் அது ஒற்றை நட்சத்திரம் இல்லை, ஜோடி. ஒன்று ஊதிப் பெருத்த சிவப்புப் பெருமீன். இன்னொன்று வெண்குள்ளன். வெண்குள்ளன் பூமி அளவுதான், ஆனால் எடை சூரியனைவிட அதிகம்! அதன் ஈர்ப்பு பக்கத்து நட்சத்திரத்திலிருந்து ஹைட்ரஜனை இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. போர்வை தடிக்கத் தடிக்க அடியில் அழுத்தமும் சூடும் ஏறும். சாதாரண வாயு சூடானால் விரிந்து ஆறிவிடும். அங்கே பொருள் அவ்வளவு நெருக்கமாக அடைந்து கிடப்பதால் விரிய வழியில்லை. சூடு கோடி டிகிரியைத் தாண்டும்போது ஹைட்ரஜன் மொத்தமாக அணுக்கரு இணைவில் பற்றிக்கொள்ளும். பொங்கல் பானையில் பால் பொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். பால் பொங்கி வழியும், பானை உடையாது. மறுபடி பால் ஊற்றினால் மறுபடி பொங்கும்.

ஆனால் இந்தப் பானைக்கும் ஒரு எல்லை உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர், 1930ல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது போட்ட கணக்கு அது: வெண்குள்ளனின் எடை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்ட முடியாது. (நோபல் பரிசு கிடைத்தது 1983ல். 53 வருஷம்!) ஆர்.எஸ். ஓபியூக்கியின் வெண்குள்ளன் அந்த எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் அதன் எடை கொஞ்சம் கூடுகிறதா, குறைகிறதா? கூடினால் ஒருநாள் சூப்பர்நோவாவாக மிச்சமில்லாமல் சிதறக்கூடும். ஆகவேதான் ஒவ்வொரு வெடிப்பையும் விடாமல் துரத்துகிறார்கள்.

துரத்தியவர்களில் நம் பக்கத்து மலைக்காரர்களும் உண்டு. ஏற்காட்டிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். 1985 ஜனவரி கடைசியில் ஆர்.எஸ். ஓபியூக்கி வெடித்தபோது, இன்றைக்குப் பெயர்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே செயல்படத் தொடங்கவில்லை. அடுத்து வந்த வாரங்களில் அந்த ஆய்வகத்தில் எடுத்த நிறமாலைகளை ஜி.சி. அனுபமாவும் டி.பி. பிரபுவும் ஆராய்ந்து 1989ல் கட்டுரை வெளியிட்டார்கள். நிறமாலை என்பது நட்சத்திர ஒளியை வானவில் மாதிரி பிரித்துப் பார்ப்பது. எலக்ட்ரான்கள் பலவற்றை இழந்த இரும்பின் கோடுகள் இந்த நட்சத்திரத்தின் நிறமாலையில் வருகின்றன. அப்படீன்னா அங்கே சூடு பத்து லட்சம் டிகிரி அளவில் இருக்கிறது. வெண்குள்ளன் வீசிய வாயு, சிவப்புப் பெருமீன் ஏற்கெனவே கசியவிட்ட வாயுவில் வேகமாக மோதுவதால் வரும் சூடு அது. 2006 வெடிப்பை இவர்களும் சேர்ந்த குழு ஒன்று புனே அருகிலுள்ள ராட்சத ரேடியோ தொலைநோக்கியாலும் பார்த்தது.

சரி, இத்தனை பெரிய கருவிகள் இருந்தும் வெடிப்பை முதலில் பார்ப்பது யார் தெரியுமா? பெரும்பாலும் வீட்டு மாடியில் நிற்கும் பொழுதுபோக்கு வானியலாளர்கள்! பெரிய தொலைநோக்கி வானத்தில் ஒரு சின்னத் துண்டைத்தான் பார்க்கும். கண்ணுக்கு மொத்த வானமும் தெரியும். 2021 ஆகஸ்ட் 8 வெடிப்பைச் சொன்னவர்களும் அயர்லாந்து, பிரேசில் நாடுகளின் பொழுதுபோக்கு வானியலாளர்கள்தான். டிசம்பரில் சூரியன் அந்தப் பக்கமாக நிற்பதால் அப்போது வெடித்தால் யாருக்கும் தெரியாது. அப்படித் தவறிப்போன வெடிப்புகளும் இருக்கலாம். நமக்கோ ஆகஸ்டில் மழையும் பனிமூட்டமும், கேட்கவே வேண்டாம்.

பிரகாசத்தை எப்படிக் குறிப்பது? இதற்கான அளவுகோலை 1856ல் ஒழுங்குபடுத்தியவர் நார்மன் போக்சன். 1861 முதல் 1891ல் இறக்கும் வரை மதராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். எண் குறைந்தால் பிரகாசம் அதிகம் (பரீட்சை ரேங்க் மாதிரி). 5 எண் குறைந்தால் 100 மடங்கு பிரகாசம். வெறும் கண்ணுக்கு 6 வரை தெரியும். ஆர்.எஸ். ஓபியூக்கி சாதாரணமாக 11, வெடித்தால் சுமார் 5. அதாவது 250 மடங்கு!

வாழவந்தியில் கடைசி விளக்கைத் தாண்டி, சில்வர் ஓக் மறைக்காத மேட்டில் நின்றால் இதைவிடச் சுலபமான ஒன்றுக்குக் காவல் இருக்கலாம். அது வடமகுடம் மண்டலத்தில் உள்ள டி கொரோனே. 1866லும் 1946லும் வெடித்தது. 2024ல் வெடிக்கும் என்று உலகமே காத்திருந்தது, அந்த வருஷம் சும்மாவே போனது. வெடித்தால் 10லிருந்து சுமார் 2க்கு வரும். டார்ச் கூட அணைத்துவிட்டுப் பாருங்கள். மே மாதம் இரவு 10 மணிக்கு உச்சிக்குப் பக்கத்தில் செம்மஞ்சளாக சுவாதி, வடகிழக்கில் தாழ்வாக வெள்ளையாக அபிஜித். சுவாதியிலிருந்து அபிஜித் பக்கமாகக் கையை நீட்டி இரண்டு முஷ்டி தூரம் அளந்தால், உடைந்த வளையல் மாதிரி சில நட்சத்திரங்கள் வளைந்து நிற்கும். அதில் பிரகாசமானதன் எண் 2.2. அந்த வளையலுக்கு ஓரத்தில், கிட்டத்தட்ட அதே அளவில் இன்னொன்று தெரிந்தால் அதுதான். அந்த ஒளி கிளம்பியது சுமார் 3,000 வருஷத்துக்கு முன்னால், சங்க காலத்துக்கும் முந்தி.

நோட்டில் தேதி, மணி, மேகம் இருந்ததா, எதைவிடப் பிரகாசம் எதைவிட மங்கல் என்று குறியுங்கள். எதுவும் இல்லாவிட்டால் ‘இன்று தெரியவில்லை’ என்று எழுதுங்கள். வெடிப்பு எந்த இரண்டு இரவுகளுக்கு நடுவே தொடங்கியது என்பதை அந்த வரியை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.