படம் உறைகிறதா? முதலில் வயரைப் பாருங்கள்

மலேசியாவில் பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019-இல் நிறுத்தப்பட்டது. ஜூலை 21-ஆம் தேதி லங்காவியில் தொடங்கி, தீபகற்பத்தில் வட்டாரம் வட்டாரமாக அணைத்துக்கொண்டே வந்து, அக்டோபர் 31-இல் சபா, சரவாக்கோடு முடித்தார்கள். 1963-இல் ஆரம்பித்த ஒரு முறை அத்தோடு ஓய்ந்தது. அன்றிலிருந்து ஏரியலில் கட்டணமில்லாமல் பார்க்கக்கூடிய டிவி1, டிவி2, டிவி3 எல்லாமே மைஃப்ரீவியூ என்ற இலக்கவியல் சேவை வழியாகத்தான் வருகின்றன.

மாற்றத்தின்போது தொடங்கிய ஒரு புகார் மட்டும் இன்னும் ஓயவில்லை. “டீகோடர் வாங்கி மாட்டியாகிவிட்டது, ஆனால் படம் நின்று நின்று வருகிறது. டீகோடரை மாற்றட்டுமா?” பாட்டியின் அறை டிவிக்கும், கடையில் மாட்டிய சின்ன டிவிக்கும், டிவி2 தமிழ்ச் செய்திக்காகவே வைத்திருக்கும் பெட்டிக்கும் இதே கதைதான். என் பதில்: மாற்றாதீர்கள். டீகோடர் கெடுவது குறைவு. ஏரியலின் நுனியில் தொடங்கி டீகோடரின் பின்பக்கத் துளை வரைக்கும் உள்ள பாதையில்தான் பெரும்பாலான கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை, ஒழுங்கு முறைதான் வேண்டும்.

இலக்கவியல் எப்படி ஏமாற்றுகிறது

அனலாக் காலத்தில் அலை குறைந்தால் திரையிலேயே தெரியும். புள்ளி விழும், நிழல் ஆடும், நாமும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிடுவோம். இலக்கவியலில் அந்த நடுநிலை கிடையாது. வரும் தரவில் பிழை இருந்தால் டீகோடர் ஓர் அளவு வரை தானே திருத்திக்கொள்ளும். படம் பளிச்சென்று இருக்கும். அந்த அளவைத் தாண்டியதும் படம் கட்டம் கட்டமாக உடையும், உறையும், அடுத்து “சிக்னல் இல்லை” என்று வரும். தேர்ச்சி மதிப்பெண்ணை நூலிழையில் தொட்ட மாணவனும் நூறு வாங்கியவனும் பார்வைக்கு ஒன்றாகத் தெரிவது போல, விளிம்பில் தொங்கும் வீட்டிலும் அருமையாக வாங்கும் வீட்டிலும் படம் ஒரே மாதிரிதான் இருக்கும். காற்று சற்று வீசினால் போதும், விளிம்பில் இருப்பவர் வீட்டில் படம் போய்விடும்.

ஆகவே திரையை நம்பாதீர்கள், மெனுவை நம்புங்கள். டீகோடரிலும் டிவியிலும் சிக்னல் தகவல் பக்கம் ஒன்று இருக்கும். அதில் இரண்டு பட்டைகள் தெரியும்: ஒன்று வலு, இன்னொன்று தரம். ஏரியலைத் திருப்பும்போது தரப் பட்டையை மட்டும் பாருங்கள். வலு அதிகமாகவும் தரம் குறைவாகவும் இருந்தால் வேண்டாத அலைகளும் இரைச்சலும் சேர்ந்து வருகின்றன என்று பொருள். வலு நடுத்தரமாக இருந்தாலும் தரம் ஆடாமல் உயரத்தில் நின்றால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

டிவியிலேயே வசதி இருக்கிறதா?

மைஃப்ரீவியூ வருவது டிவிபி-டி2 என்ற முறையில். டிவியின் குறிப்பேட்டில் அந்த “2” இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தனி டீகோடர் தேவையில்லை, ஏரியல் வயரை நேராக டிவியில் செருகலாம். வெறும் டிவிபி-டி என்றோ டிவிபி-சி என்றோ இருந்தால் டீகோடர் கட்டாயம். பழைய குழாய் டிவியாக இருந்தால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களில் இணைத்து, ரிமோட்டில் ஏவி பக்கத்துக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று: ஆஸ்ட்ரோ தட்டிலிருந்து வரும் வயரை இந்த டீகோடரில் செருகிவிட்டு “ஒன்றுமே வரவில்லை” என்பவர்கள் இருக்கிறார்கள். தட்டு செயற்கைக்கோளைப் பார்க்கிறது; மைஃப்ரீவியூவுக்குத் தரையில் நிற்கும் கோபுரத்தைப் பார்க்கும் ஏரியல் வேண்டும். இரண்டும் இரண்டு வழி.

ஏரியலைச் சாணால் அளந்து பாருங்கள்

அனலாக் நாட்களில் சில அலைவரிசைகள் விஎச்எஃப் பகுதியில் வந்தன. அதனால் பழைய வீடுகளின் கூரையில் நீண்ட கம்பிகள் கொண்ட ஏரியல் இன்னும் நிற்கிறது. மைஃப்ரீவியூ முழுவதும் யூஎச்எஃப்: 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அலைக்கு ஏற்ற குறுக்குக் கம்பி ஏறக்குறைய 25 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் நீளம். விஎச்எஃப் ஏரியலின் கம்பி மூன்று சாணாவது இருக்கும். கீழே நின்று பார்த்தாலே வித்தியாசம் தெரியும். எல்லாக் கம்பிகளும் நீளமாக இருந்தால் அந்த ஏரியல் ஓய்வு பெறவேண்டியதுதான். நீளமும் குட்டையும் கலந்திருந்தால் அது இரண்டுக்கும் பொதுவானது. துருப்பிடிக்காமல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது திசை. கிள்ளான் பள்ளத்தாக்கில் கோலாலம்பூர் கோபுரமும் ஊலு காலி மலையும், கெடாவில் ஜெராய் மலையும், மலாக்கா–ஜொகூர் எல்லையில் லேடாங் மலையும் பேர்பெற்ற ஒளிபரப்பு இடங்கள். உங்களுக்கு எது நெருக்கம் என்பதை விட எது தடையில்லாமல் தெரிகிறது என்பதே முக்கியம். தாமானில் நல்ல படம் வரும் நாலைந்து வீட்டு ஏரியல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, கம்பிகள் படுக்கையாக இருக்கின்றனவா நெட்டாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். உங்களுடையதையும் அப்படியே வையுங்கள். கோபுரத்தை ஒரு குன்று மறைத்தால் மனம் தளரவேண்டாம். எதிர்ப்பக்கம் உள்ள மலையிலோ கட்டடத்திலோ மோதித் திரும்பும் அலையையும் இந்த முறை ஏற்றுக்கொள்ளும். அனலாக்கில் நிழல் விழவைத்த அதே எதிரொலி இங்கே சில நேரம் கைகொடுக்கும். தரப் பட்டை உயர்ந்தால் எந்தத் திசையானாலும் சரி.

அடுக்குமாடியில் அறைக்குள் வைக்கும் ஏரியலுக்கு இடம்தான் எல்லாமே. டிவிக்குப் பின்னால் வைக்காதீர்கள். கோபுரப் பக்கம் உள்ள சன்னலருகே, கிரில் கம்பியை ஒட்டாமல் வையுங்கள். அங்கேயும் தரம் குறைந்தால் ஒரு சாண் இடமோ வலமோ நகர்த்திப் பாருங்கள். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளியும் கூட்டும் புள்ளியும் அந்த அளவு தூரத்தில்தான் மாறி மாறி வரும். நகர்த்தியபின் கையை எடுத்து, இரண்டடி விலகி நின்று பட்டையைப் பாருங்கள். பிடித்திருக்கும்போது உங்கள் உடம்பும் ஏரியலின் ஒரு பாகம்.

மழையில் போகிறதா?

மழை பெய்தால் தட்டு வழி வரும் படம் போவது இயற்கை. அந்த அலையின் அலைவெண் மிக உயர்ந்தது, மழைத்துளி அதை விழுங்கிவிடும். யூஎச்எஃப் அலையை மழை அவ்வளவாகத் தொடாது. ஆகவே சாயங்கால மழையோடு மைஃப்ரீவியூவும் போகிறது என்றால் வானத்தைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீர் உங்கள் வயருக்குள் புகுந்திருக்கிறது.

கூரை ஏறாமல் ஏரியல் எட்டினால் நீங்களே, இல்லையென்றால் ஆளை வைத்து, அதில் வயர் சேரும் சின்னப் பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். மூடி வெயிலில் வெடித்திருக்கும். நடுச்செம்பு பச்சை பூத்திருக்கும். வெள்ளிநிற வலையைத் தொட்டால் கறுப்புப் பொடியாகக் கையில் ஒட்டும். வெளி உறையை இரண்டங்குலம் சீவிப் பார்த்தால், அங்கேயும் வலை கறுத்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. அந்த வயரை முழுதாக மாற்றுவதே நல்லது. ஆர்ஜி-6 என்று அச்சிட்ட 75 ஓம் வயர் வாங்குங்கள். பழைய தட்டை வயர் இருந்தால் அதை எடுத்தே ஆகவேண்டும். புதிய வயரைச் சுவரின் துளைக்குள் விடுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு கொடுங்கள். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மழை இல்லாமல் காற்றில் மட்டும் படம் உடைந்தால் ஏரியல் கம்பம் ஆடுகிறது, அல்லது எதிரே ஒரு மரம் வளர்ந்துவிட்டது.

பூஸ்டர் மருந்தல்ல

படம் வரவில்லை என்றதும் கடைக்காரர் நீட்டுவது பூஸ்டர். அது வரும் அலையைப் பெருக்கும். கூடவே வரும் இரைச்சலையும் பெருக்கும். கோபுரத்துக்கு அருகில் இருப்பவர் பூஸ்டர் போட்டால் டீகோடர் திணறி, இருந்த படமும் போகும். பழைய பூஸ்டர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஏரியலை நேரே இணைத்துப் பாருங்கள். தரம் கூடினால் குற்றவாளி அதுதான். அனலாக் விட்டுச்சென்ற 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை இப்போது 5ஜி கைப்பேசிச் சேவை பயன்படுத்துகிறது. பழைய பூஸ்டர்கள் அந்தப் பகுதியையும் சேர்த்துப் பெருக்குவதால் வீட்டருகே கைப்பேசிக் கோபுரம் இருந்தால் தொல்லை இரட்டிப்பாகும். அதைத் தடுக்கும் வடிகட்டி கடைகளில் கிடைக்கிறது.

பூஸ்டர் உண்மையிலேயே பயன்படுவது ஓர் இடத்தில்தான்: ஏரியலில் நல்ல தரம் இருந்து, நீண்ட வயரிலும் ஸ்ப்ளிட்டரிலும் அது கரையும்போது. யூஎச்எஃப் அலையில் ஏறக்குறைய பாதி 20 மீட்டர் வயரிலேயே போய்விடும். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மிச்சத்தில் மீண்டும் பாதிக்கு மேல் குறைக்கும். அப்படியானால் பூஸ்டரை டிவிக்குப் பின்னால் வைப்பது வீண். கம்பத்தில், ஏரியலுக்கு அருகிலேயே வைக்கவேண்டும்.

மின்சாரம் தேவைப்படும் அறை ஏரியல்களுக்கு டீகோடரே 5 வோல்ட் கொடுக்கும். மெனுவில் ஆன்டெனா பவர் என்று இருக்கும். அது அணைந்திருந்தால் ஏரியல் உயிரில்லாமல் கிடக்கும். சாதாரண ஏரியலாக இருந்தால் அதை அணைத்தே வையுங்கள்.

சில அலைவரிசைகள் மட்டும் காணோமா?

இலக்கவியலில் ஒரே அலைவெண்ணில் பல அலைவரிசைகள் கட்டாக வருகின்றன. ஒரு கட்டு முழுவதும் ஒன்றாகக் காணாமல் போனால் அந்த அலைவெண்ணில் மட்டும் தரம் போதவில்லை. ஏரியலைச் சற்றுத் திருப்புங்கள். ஒரே ஓர் அலைவரிசை மட்டும் இல்லையென்றால் பட்டியல் பழையது. டீகோடரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, நாடு மலேசியா என்றும் உள்ளீடு ஆன்டெனா என்றும் தேர்ந்தெடுத்து, புதிதாகத் தேடவிடுங்கள். பழைய பட்டியலின் மேலேயே தேடினால் செத்த எண்களும் கூடவே தங்கும். ஒழுங்காகத் தேடினால் மின்னல் எஃப்எம் உள்ளிட்ட ஆர்டிஎம் வானொலிகளும் பட்டியலில் வந்து சேரும். பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் படம் இல்லை என்றால் எதையும் தொடாமல் காத்திருங்கள். ஒளிபரப்பிலேயே கோளாறு இருக்கலாம். அந்த நேரம் பார்த்து மறுதேடல் செய்தால் இருந்த பட்டியலும் அழிந்துவிடும்.

டீகோடர் தானாக அணைந்து அணைந்து இயங்கினால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள வேறொன்றை மாட்டிப் பாருங்கள். இன்னொரு டீகோடரின் மேல் அடுக்கி வைத்திருந்தால் இறக்கிவையுங்கள், சூடும் இதே வேலையைச் செய்யும்.

ஆளைக் கூப்பிடவேண்டிய நேரம்

கூரை ஏறுவது மட்டும் வேண்டாம். ஓடு வழுக்கும், மின்கம்பி அருகில் போகும், இடி எப்போது வரும் என்று சொல்லமுடியாது. வருகிறவரிடம் ஒரு நிபந்தனை போடுங்கள்: கூரையில் ஏரியலுக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டை வயரில் அளந்து தரத்தைக் காட்டவேண்டும், பிறகு கீழே டிவியருகே காட்டவேண்டும். மேலே நன்றாகவும் கீழே மோசமாகவும் இருந்தால் வயரை மாற்றச் சொல்லுங்கள். மேலேயே மோசமென்றால் ஏரியலின் வகையும் உயரமும் திசையும் மாறவேண்டும். இரண்டிடத்திலும் நன்றாக இருந்து படம் மட்டும் வரவில்லை என்றால்தான், அப்போது மட்டும்தான், புதிய டீகோடருக்கு வெள்ளியை எடுங்கள்.