பாட்டு இருக்கு, பேர் இல்லை: கிளை சர்வருக்கு பேக்கப் அமைப்பது

இந்தப் பாடம் கொஞ்சம் கணினி சம்பந்தப்பட்டது. லினக்ஸ் தெரியாதவர்களும் பாதியில் விட்டுவிடாமல் படியுங்கள். உங்கள் கிளையில் யாரோ ஒருவர் சர்வர் வைத்திருப்பார். அவரிடம் கேட்க உங்களுக்கு நாலு கேள்வியாவது கிடைக்கும்.

ஜெஞ்சாரோமில் எங்கள் கிளைக்கு ஒரு சின்ன கணினி இருக்கிறது. அதில் நெக்ஸ்ட்கிளவுட் போட்டிருக்கிறோம். டியூஷன் பிள்ளைகளின் வருகைப் பதிவு, கணக்கு ரசீது, திருவிழாப் படங்கள் எல்லாம் அங்கேதான். மாதக் கட்டணம் கிடையாது, நம்ம சாமான் நம்ம கையில் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். கையில் இருந்தால் காவலும் நம்ம வேலை என்பது எனக்கு ரொம்ப தாமதமாகத்தான் புரிந்தது.

எங்கள் தேவார வகுப்பு ஆசிரியை தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எழுபது வயதுக்கு மேலும் குரல் கணீர் என்று இருக்கும். இரண்டு வருஷமாக அவர் பாடியதை எல்லாம் போனில் பதிவு செய்து ஏற்றி வைத்தோம். மொத்தம் 112 பதிவுகள். போன் கொடுத்த எண்தான் கோப்புப் பெயர். எந்தப் பதிகம், என்ன பண், யாரிடம் கற்றுக்கொண்டது என்பதை ஒரு தங்கை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொரு கோப்புக்கும் குறிப்பாக எழுதினாள். ஆகஸ்டில் ஆசிரியை காலமானார். அக்டோபரில் ஒரு இடி மழை ராத்திரி மின்சாரம் போய் வந்ததில் கணினியின் டிஸ்க் செத்துப்போச்சு.

எனக்குப் பயமில்லை. பேக்கப் இருக்கிறதே! புது டிஸ்க் போட்டு எல்லாவற்றையும் மீட்டேன். அந்தத் தங்கைதான் முதலில் திறந்து பார்த்தாள்.

"அண்ணே, பாட்டு எல்லாம் இருக்கு. ஆனா எது என்னன்னு ஒண்ணுமே இல்லையே."

இங்கேதான் பாடம். நெக்ஸ்ட்கிளவுட் மாதிரி சேவைகளில் பொருள் இரண்டு இடத்தில் இருக்கும். கோப்புகள் டிஸ்கில் ஒரு அடைவில். குறிப்புகள், பகிர்வுகள், டேக், நாட்காட்டி எல்லாம் டேட்டாபேஸில், எங்களுக்கு அது மரியாடிபி. கோப்பை மட்டும் நகலெடுத்தால் பாதிதான் வரும். சரி, டேட்டாபேஸ் கோப்புகளையும் சேர்த்து அப்படியே காப்பி பண்ணினால் போதுமா என்றால், போதாது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை நடுவில் நகலெடுத்தால் பாதி எழுதிய வரியோடு வரும், திரும்ப எழும்பாமலும் போகலாம். டம்ப் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே இருப்பதை எல்லாம் எழுத்தாக வெளியே கொட்டச் சொல்ல வேண்டும்.

நான் டம்பும் எடுத்துத்தான் வந்தேன். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கோப்பு, தேதியோடு. திறந்து பார்த்தால் அளவு 20 பைட். அதற்கு முந்தைய நாளும் 20 பைட். ஜூனில் டேட்டாபேஸின் கடவுச்சொல்லை மாற்றியவன் நான்தான், ஸ்கிரிப்டில் மாற்ற மறந்தவனும் நான்தான். டம்ப் தோற்றுப்போக, அதன் வெளியீட்டை வாங்கிச் சுருக்கும் ஜிசிப் ஒன்றுமில்லாததைச் சுருக்கி 20 பைட் கோப்பாக வைத்துவிட்டு 'வெற்றி' என்று சொல்லியிருக்கிறது. ஷெல்லில் குழாய் போட்டு இணைத்தால் கடைசி நிரலின் பதிலைத்தான் கேட்கும். 'பைப்ஃபெயில்' என்ற ஒரு அமைப்பைப் போட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பழைய நகல்களையும் 14 நாள்தான் வைத்திருந்தேன். நல்ல டம்ப் எல்லாம் ஜூலைக்குள்ளேயே அழிந்துபோயிருந்தது.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் சுமார் 300 ஜிபி டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் நிரலோ 9.2, அதனால் தினமும் தோற்றிருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. இதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். படித்தபோது எனக்கு வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தேவார ஏடுகள் தில்லையில் ஒரே அறையில் பூட்டிக் கிடந்து, திறந்தபோது செல்லரித்திருந்தன என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறதல்லவா? கிடைத்தவற்றுக்கும் பண் தெரியாமல், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. சொல் ஒரு இடம், பண் ஒரு இடம். எங்கள் கதையும் அதேதான், ஆனால் கேட்க அந்த அம்மா இல்லை.

இப்போது எப்படி அமைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். பேக்கப்நிஞ்சா என்று ஒரு இலவச நிரல், டெபியனில் நேரடியாகவே நிறுவலாம். ஒரே நீள ஸ்கிரிப்டில் எல்லாவற்றையும் திணிக்காமல், ஒரு வேலைக்கு ஒரு சின்னக் கோப்பு என்று 'பேக்கப்.டி' என்ற அடைவில் வைக்க வேண்டும். கோப்புப் பெயரின் கடைசிப் பகுதி அது என்ன வகை வேலை என்று சொல்லும். முன்னால் இருக்கும் எண்தான் வரிசை. எங்களிடம் 10 கணினியின் அமைப்பு விவரங்கள், 20 டேட்டாபேஸ் டம்ப், 90 எல்லாவற்றையும் வெளியே அனுப்புவது. டம்ப் முடிந்த பிறகுதான் அனுப்ப வேண்டும், எண்ணை மாற்றிப் போட்டால் நேற்றைய டம்ப்தான் போகும். புதுச் சேவை வந்தால் புதுக் கோப்பு ஒன்று, மற்றதைத் தொட வேண்டாம். கடவுச்சொல் உள்ளே இருப்பதால் ரூட் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி அனுமதி வைக்க வேண்டும்.

ஒரு சிக்கல். எங்கள் மரியாடிபி டாக்கருக்குள் ஓடுகிறது. பேக்கப்நிஞ்சாவின் மைசீக்வல் வகை வெளியே தேடிவிட்டுத் திரும்பிவிடும். அதனால் 20-ஐ ஷெல் வகையாக எழுதினேன். முதலில் நெக்ஸ்ட்கிளவுடைப் பராமரிப்பு நிலையில் வைக்கும், கண்டெய்னருக்குள் டம்ப் எடுக்கும், பிறகு அதன் கடைசி வரியைப் பார்க்கும். முழுதாக முடிந்த டம்பின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று இருக்கும். இல்லையென்றால் பிழை என்று சத்தம் போடும். 90 முடிந்த பிறகு 95 பராமரிப்பு நிலையை எடுத்துவிடும். கோப்பும் டேட்டாபேஸும் ஒரே நேரத்துப் படமாக இருக்க இதுதான் வழி. கான்ஃபிக் கோப்பையும் மறக்காதீர்கள்.

அனுப்புவதற்கு போர்க். மாறிய துண்டுகளை மட்டும் எடுக்கும், பூட்டியும் வைக்கும். பிள்ளைகளின் அடையாள அட்டை எண் உள்ளே இருக்கிறது, பூட்டாமல் வெளியே அனுப்பக் கூடாது. சாவி தொலைந்தால் நமக்கும் திறக்காது. அதனால் கடவுச்சொல்லும் சாவியின் நகலும் காகிதத்தில், உறையில், செயலாளர் வீட்டு அலமாரியில். தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 12 நகல்கள் வைக்கிறேன். ஒரு நகல் இங்கே, இன்னொன்று ஈப்போவில் ஒரு உறுப்பினர் வீட்டில். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா என்ன ஆனது என்று பார்த்தோமே! பக்கத்துத் தாமானில் வைத்த டிஸ்கும் அதே தண்ணீரில்தான் கிடக்கும்.

வெற்றியானாலும் அறிக்கை வரட்டும் என்று வைத்திருக்கிறேன். காலையில் கடிதம் வரவில்லை என்றால் அதுவே செய்தி. மாதம் முதல் ஞாயிறு பழைய மடிக்கணினி ஒன்றில் முழுதாக மீட்டு, மூன்று பதிவைத் திறந்து குறிப்பு வருகிறதா என்று பார்க்கிறோம். போன தடவை கேபிள் தேடவே அரை மணி நேரம் ஆச்சு.

பாட்டுகள் என்ன ஆச்சு? மார்ச்சில் ஒரு தம்பி விளையாட்டாகத் தன் மடிக்கணினிக்கு எடுத்துப்போன டம்ப் ஒன்று கிடைத்தது. அதில் 64 பதிவுகளுக்குக் குறிப்பு இருந்தது. மீதி 48-ல் தேவாரம் எல்லாவற்றையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தோம், 39. யாரிடம் கற்றார் என்பது போனது போனதுதான். மிச்சம் 9 எந்தப் புத்தகத்திலும் இல்லாத அம்மன் பாட்டுகள். ஒன்றில் நடுவில் நிறுத்தி, "இது எங்க ஆயா பாடுனது" என்கிறார். பந்திங் பக்கம் அவரோடு தோட்டத்தில் வேலை செய்த ஒரு பாட்டி இருக்கிறாராம். அடுத்த வாரம் போனை எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறோம். அந்தத் தங்கை நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொண்டு வருகிறேன் என்றாள்.