தட்டச்சினின்று ஒருங்குறிக்கு

கருவி மாறுங்கால் கையும் மாறவேண்டுவது இயல்பே. எனினும், மில்லர்புரத்தினின்று துறைமுகத்திற்கும் அரசு அலுவலகங்களுக்கும் பணிபுரியச் செல்லவிருக்கும் நம் மாணாக்கர், மாற்றத்தின் காரணத்தையும் அறிதல் நன்று.

தட்டச்சுப் பொறியில் 'கொ' என்பதைக் கண்ணுக்குத் தோன்றும் முறையே கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகளால் அடித்தனர். பழைய கணினி எழுத்துருக்களுட் பலவும் இத்தகைய வடிவத் துண்டுகளைப் பிறமொழி எழுத்துக்குரிய இடங்களில் வைத்தன. ஆதலின், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பு முழுவதும் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். இக்குறை நீங்கவே தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன்னரே, 1999இல், தமிழ்99 விசைப்பலகையை ஏற்றிருந்தது. இதில் ககரத்தின்பின் ஒகரத்தை அடித்தால் 'கொ' உண்டாகும். ககரத்தை இருமுறை அடித்தால் முதற்ககரம் தானே புள்ளி பெறும். அஃதாவது, இலக்கணத்தில் நாம் கற்ற உயிர்மெய்ப் புணர்ச்சியே இங்கு விரலுக்கு வழியாயிற்று.

ஆயினும் பல்லாண்டு தட்டச்சில் தேர்ந்த எழுத்தர்க்கு இஃது எளிதன்று. கை பழைய வழியே ஓடும். அன்னாரை இகழாது, நாடோறும் சிறிது நேரம் உடனிருந்து பழக்குதல் இளையோர் கடமை. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுங்கால் ஓரெழுத்துப் பிழைப்பினும் ஒருவர் பெயரே வேறாகும். அவர் உரிமைக்கும் இடர் நேரும். அவற்றைச் சரிபார்க்கும் பணியில், மூலத்தை எழுதிய முதியோரே நமக்கு ஆசிரியராவர்.