எங்கிருந்து வந்தது? – பிரியாவிடையும் பொன்னாடையும்

கேள்வி: எங்கள் கந்தோரின் பிரதம லிகிதர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். பிரியாவிடை ஒழுங்கை என் தலையில் கட்டிவிட்டார்கள். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? எப்படிச் செய்தால் நன்றாக இருக்கும்?
– ஒரு வாசகி, செங்கலடி

பதில்: மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது ஊரறிந்த பேச்சு. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த பெடியன் இங்கேயே கலியாணம் முடித்துவிட்டால், மந்திரம் போட்டுவிட்டார்கள் என்று அங்கே பழி. மந்திரமாவது மண்ணாங்கட்டியாவது! எருமைத் தயிர், வாவி மீன், வாசலில் வெற்றிலை வட்டா. இவ்வளவுதான். அப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒருவரை அனுப்பிவைப்பது எப்படி என்று கேட்கிறீர்களே, தங்கச்சி!

காசு சேர்ப்பது, கேக்குக்குச் சொல்வது, மண்டபம் பிடிப்பது எல்லாம் நலன்புரிச் சங்கச் செயலாளர் பாடு. எனக்கு ருசிப்பது வயதுக் கதை. ஜேர்மனியின் பிஸ்மார்க் தனக்கு அறுபத்தைந்து என்பதால்தான் ஓய்வு வயதையும் அறுபத்தைந்து ஆக்கினார் என்று பிரியாவிடைப் பேச்சாளர்கள் விடாமல் அளக்கிறார்கள். மனிதர் பிறந்தது 1815இல். முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது 1889இல். அப்போது அவருக்கு 74 வயது. சட்டம் கேட்ட வயதோ 70. அது 65ஆக இறங்கியது 1916இல். பிஸ்மார்க் 1898இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். உங்கள் விழாவில் யாராவது இதை எடுத்துவிட்டால் ஒலிவாங்கியைப் பறிக்க உங்களுக்கு என் அனுமதி உண்டு.

நம் நாட்டுக் கதை இதைவிடச் சுவை. 2022 வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஓய்வு வயதை 65ஆக உயர்த்தியது. வருடம் முடிவதற்குள் அரசு மனம் மாறி, அறுபது தாண்டிய எல்லாரும் டிசம்பர் 31உடன் வீட்டுக்குப் போகலாம் என்றது. வைத்தியர்கள் வழக்குப் போட்டது தனிக்கதை. அந்த 31ஆம் திகதி சனிக்கிழமை. ஆகவே நாடு முழுக்கக் கந்தோர்களில் பிரியாவிடை அதற்கு முந்திய நாட்களுக்குள் நெருக்கியடித்தது. ஒரே கந்தோரில் மூன்று பேர் மாலையோடு வரிசையாகக் குந்தியிருக்க, யாரைப் புகழ்கிறோம் என்று பேச்சாளரே தடுமாறியிருப்பார்.

ஆனால் விழாவின் மூலம் பிஸ்மார்க்குமில்லை, வெள்ளைக்காரனுமில்லை, நம்முடைய மணிவிழாதான் என்பது என் கட்சி. அறுபது ஆண்டுச் சக்கரம் ஒரு சுற்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வரும் நாள். 1962 சித்திரைக்கும் அடுத்த சித்திரைக்கும் இடையில் பிறந்தவர்களுக்கு 2022 சித்திரையில் அதே சுபகிருது ஆண்டு மறுபடி வந்தது. அரசாங்கம் அறுபது என்றதும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். நிதியமைச்சு மறுக்கட்டும்.

எப்படிச் செய்வது என்றீர்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன்: பொன்னாடை வேண்டாம். இதை எழுதி எழுதியே ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். சித்திரை வெயிலில், சுற்றாமல் நிற்கும் மின்விசிறிக்குக் கீழே, நைலோன் சரிகைத் துணி ஆறேழு ஒன்றன்மேல் ஒன்றாகத் தோளில் ஏற, கழுத்து வியர்வையில் மாலைக் காம்பு குத்த, மனிதர் வாழ்த்துமடல் முடியும்வரை சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் அந்தத் துணியில் தலையணை உறைகூடத் தைக்க முடியாது. கல்முனைப் பக்கம் மருதமுனையில் நல்ல கைத்தறிச் சாறன் நெய்கிறார்கள். வாங்கிக் கொடுங்கள், மறுநாள் காலையே உடுத்துவார்.

கேள்வி: சுவர்க்கடிகாரம் கொடுக்கலாமா? – அதே வாசகி

பதில்: இனி எட்டரைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று விடுதலையானவருக்கா? சாறனே நல்லது.

கேள்வி: செங்கலடிச் சந்தியில் ‘பதுளை வீதி’ தொடங்குகிறதா, முடிகிறதா?
– ஒரு மாணவன், வந்தாறுமூலை

பதில்: முடிகிறது. ஏ5 நெடுஞ்சாலை பேராதனையில் புறப்பட்டு நுவரெலியா, பதுளை, பிபிலை, மகா ஓயா, கரடியனாறு என்று இறங்கிவந்து, செங்கலடியில் ஏ15ஐத் தொட்டதும் தன் இலக்கத்தைத் தொலைத்துவிடுகிறது. நாம் நிற்கும் முனையிலிருந்து பார்ப்பதால் தொடங்குவதுபோலத் தோன்றுகிறது. வாவிக் கரையிலிருந்து ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரம்வரை ஒரே வீதியில் ஏறலாம். நுவரெலியாவில் இறங்கும்போது நல்ல குளிர். பொன்னாடை உதவும் ஒரே ஊர் அதுதான். பிரதம லிகிதருக்கு அதைப் போர்த்தியே தீருவோம் என்று கந்தோரில் அடம்பிடித்தால், நுவரெலியா பஸ் ரிக்கற்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.