கம்மாபுரம்: நிலமும் வாழ்வும்

சுவிட்சர்லாந்து நாட்டின் மலைச்சரிவில் அமைந்த சிற்றூரைப் பற்றி எழுதுக என்றால் நம் மாணவர்கள் பசும்புல் வெளி, கழுத்தில் மணி கட்டிய பசுக்கள், பாலாடைக்கட்டி என்று பக்கம் நிரப்பிவிடுவர். விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு செல்லும் பேருந்தில் நாள்தோறும் கடந்துபோகும் கம்மாபுரத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எழுதுகோல் தயங்கி நிற்கும். அத்தயக்கத்தைப் போக்கும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

கடலூர் மாவட்டம், விருத்தாசலம் வட்டத்தில், ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாக விளங்குவது கம்மாபுரம். பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது இவ்வூர் கடலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதியில் அமைந்தது. வடமேற்கே திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயருடைய விருத்தாசலம், வடகிழக்கே மந்தாரக்குப்பமும் நெய்வேலிச் சுரங்கங்களும், தென்கிழக்கே சேத்தியாத்தோப்பு ஆகியன இதன் அண்டை ஊர்கள்.

தமிழிலக்கணம் பயில்வோர் திணை மயக்கம் என்பதை நூலில் மட்டும் தேடவேண்டுவதில்லை. இந்நிலப்பகுதியில் வடக்கு நோக்கிச் சென்றால் செம்மண் மேடு; முந்திரித் தோப்பும் பலாவும் மானாவாரி மணிலாவும் அங்கே விளையும். தெற்கும் கிழக்கும் நோக்கி இறங்கினால் ஆறுகள் கொணர்ந்து பரப்பிய வண்டல். அங்கே நெல்லும் கரும்பும் செழிக்கும். முல்லை நிலமும் மருத நிலமும் சந்திக்கும் விளிம்பில் இவ்வட்டாரம் அமைந்துள்ளது.

விருத்தாசலத்தைத் தழுவிவரும் மணிமுத்தாறு, சுந்தரர் தேவாரம் பெற்ற கூடலையாற்றூரில் வெள்ளாற்றுடன் கலக்கிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. மஹ்மூது பந்தர் என்று மரக்காயர் வணிகத்தால் புகழ்பெற்ற துறைமுகம் அது. 1781ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் மோதியதும் அவ்வூரின் அருகேதான். வேறொரு செய்தியும் நம் சமுதாயப் பெரியோர் அறிந்ததே. ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத்திற்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது அங்குள்ள முஸ்லிம்கள் மரியாதை செய்து வரவேற்கும் வழக்கம் இன்றும் நின்றுவிடவில்லை. ஒரே ஆற்றுநீரை உண்டு வாழ்ந்தோரின் உறவு அது.

மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. ஏரியும் கிணறும் அதனைச் சேமித்து வைப்பன. நன்செயில் சம்பா நெல்லும், புன்செயில் மானாவாரியாகவும் இறவையாகவும் மணிலாவும் பயிராகின்றன. பங்குனி, சித்திரையில் முந்திரி பழுக்கும். பலா அதனை அடுத்து வரும். விருத்தாசலத்திலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மணிலா, முந்திரி இரகங்கள் வி.ஆர்.ஐ. என்னும் எழுத்துகளைத் தாங்கி வெளிமாவட்டங்களிலும் பயிராகின்றன என்பது இம்மண்ணுக்குப் பெருமை. ஆயினும் முந்திரி உழவரின் செல்வம் காற்றின் கையில் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் மாவட்டம் முழுவதும் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. நெல் அழிந்தால் மறு பருவம் உண்டு. தோப்பு அழிந்தாலோ புதுக் கன்று காய்க்கும்வரை பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இனி, இவ்வட்டாரத்தின் வாழ்வைத் திசைதிருப்பிய நிகழ்ச்சிக்கு வருவோம். 1935ஆம் ஆண்டளவில் நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது நீருடன் கரிய பொருள் ஒன்றும் வெளிவந்தது. பழுப்பு நிலக்கரி என்று பின்னர் அறியப்பட்டது அதுவே. 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவுபெற்றது. 1957 மே 20இல் பிரதமர் நேரு சுரங்கப்பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத் நாட்டு உதவியுடன் அமைந்த மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 600 மெகாவாட் திறனுடைய அம்முதல் நிலையம் தன் காலம் முடிந்து 2020இல் மூடப்பட்டது. சுரங்கங்களோ விரிந்துகொண்டே வந்துள்ளன.

நீர் தேடிய இடத்தில் கரி கிடைத்தது. கரியை எடுக்க நீரை இறைக்க வேண்டியதாயிற்று. இவ்விந்தையைச் சற்று விளக்க வேண்டும். கரிப்படிவத்தின் கீழே நீர் பேரழுத்தத்துடன் அடைபட்டுக் கிடக்கிறது. அதனை இடையறாது வெளியேற்றாவிடில் அது அடித்தளத்தைப் பிளந்து சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். எனவே 1961 முதல் இரவும் பகலும் இறைப்பு நடைபெறுகிறது. சுரங்க நீரின் ஒரு பகுதி, ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் பட்டப்பெயரைத் தாங்கிய வாலாஜா ஏரியை அடைந்து வயல்களுக்குப் பாய்கிறது. அவ்வுழவருக்கு அது நன்மையே. ஆனால் தானே பொங்கிய ஊற்றுக் கிணறுகள் இருந்த மண்ணில் இன்று ஆழ்குழாயை மேலும் மேலும் ஆழப்படுத்த வேண்டியிருக்கிறது என்பது சுற்றுவட்டார உழவர்களின் நெடுநாள் முறையீடு. ஒரு டன் கரிக்கு ஐந்து கனமீட்டருக்கு மேற்பட்ட மண்ணை அகற்ற வேண்டும். அம்மண் குன்றுகளாக எழுந்து நிற்கிறது. இயற்கையில் குன்று இல்லாத திசையிலும் இன்று குன்று தெரிகிறது!

சுரங்கத்தால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. தமிழகத்தின் வீடுகளில் எரியும் விளக்குகளில் இம்மண்ணின் ஒளி உண்டு. இங்குள்ள பல குடும்பங்களில் தந்தை உழவர், மகன் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. நிலம் கொடுத்தவனுக்கு நிரந்தர வேலை எங்கே என்ற வினாவும் அதே திண்ணையில்தான் எழுகிறது. நிலத்திற்கு விலை கொடுத்துவிடலாம். குத்தகைக்கு உழுதவனுக்கும் களையெடுத்த பெண்ணுக்கும் எந்தப் பத்திரத்தின் பேரில் ஈடு தருவது? இவ்வினாவிற்குப் போதிய விடை இதுவரை கிடைக்கவில்லை என்பதே என் கருத்து.

2023 ஜூலை 26 அன்று, இரண்டாம் சுரங்க விரிவாக்கத்திற்கான வாய்க்கால் பணிக்காக, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் கதிர் முற்றும் முன்பே நெற்பயிர்மேல் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே எடுக்கப்பட்டது என்றது நிறுவனம். பயிர் எங்களுடையது என்றனர் உழவர். பயிரிழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

இது நமக்கு மட்டும் உரிய துன்பமன்று. நெய்வேலியில் சுழலும் மாபெரும் பக்கெட் வீல் எந்திரங்களைச் செய்து அனுப்பிய ஜெர்மனியில், ரைன்லாந்துப் பகுதியின் இம்மராத் என்னும் ஊரில் 2018 ஜனவரியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தேவாலயத்தையே இடித்தனர். 2023 ஜனவரியில் லூட்செராத் என்னும் சிற்றூரில் போராடியோரைக் காவலர் தூக்கி அகற்றினர்.

தமிழக அரசு 2020ஆம் ஆண்டில் இயற்றிய பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தில் கடலூர் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் இடம்பெற்றுள்ளன: காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி. அண்டையிலுள்ள கம்மாபுரம் அப்பட்டியலில் இல்லை.