கிரிராஜா: நம் கொல்லைக்கு ஏற்ற பெரிய கோழி

தொம்மலூரில் குடியேறிய நம்மவர்களில் பலருக்குச் சொந்த ஊரில் கொல்லையும் கோழியும் இருந்தன. இங்கே முப்பதுக்கு நாற்பது மனையில் வீடு போக எஞ்சுவது பின்பக்கம் ஒரு சந்து, அல்லது மொட்டை மாடி. அதிலும் நான்கு கோழி வளர்க்கலாம். ஆனால் எந்தக் கோழி என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். ரயில்வேயில் பாதைக்குத் தக்கபடி இஞ்சினைத் தேர்வு செய்வோம். இதுவும் அப்படித்தான்.

பெயரும் பிறப்பும்

பெரிய, சாதுவான கோழி என்றதும் பிரம்மா, கொச்சின் என்ற பெயர்களைப் பலரும் சொல்கிறார்கள். பெயரைப் பார்த்து நம் நாட்டு இனங்கள் என்று எண்ண வேண்டாம். கொச்சின், 1840களில் சீனத்திலிருந்து இங்கிலாந்து சென்ற இனம். பிரம்மாவுக்குப் பெயர் தந்தது பிரம்மபுத்திரா நதி. ஆனால் அது இனமாக உருப்பெற்றது அமெரிக்காவில். இரண்டுக்கும் கால் விரல் வரை இறகு உண்டு. மழைக்காலத்தில் அந்த இறகில் சேறும் எச்சமும் ஒட்டிக்கொள்ளும். அழகுக்கு வளர்ப்பவர்களுக்கு அவை சரி. முட்டைக்கு வளர்ப்பவர்களுக்கு வேறு வழி நம் ஊரிலேயே இருக்கிறது.

அதுதான் கிரிராஜா. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹெப்பாள் வளாகத்தில், புறக்கடை வளர்ப்புக்கென்றே 1980களின் பிற்பகுதியில் உருவாக்கப்பட்ட கலப்பினம். ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி இப்போது பீதரைத் தலைமையிடமாகக் கொண்ட கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 2005இல் வெளிவந்த சுவர்ணதாரா, உடல் எடை சற்றுக் குறைந்து முட்டை கூடுதலாக இடுவது.

கணக்கு

நாட்டுக் கோழி ஆண்டுக்கு 60 முட்டை இட்டால் அதிகம். கிரிராஜா 130 முதல் 150 வரை இடும். பெட்டை மூன்று கிலோவைத் தாண்டும். சேவல் நான்கு கிலோவை எட்டும். ஒரு பெட்டைக்கு 140 முட்டை என்று வைத்துக்கொண்டால் நான்குக்கு ஆண்டில் 560, அதாவது நாளொன்றுக்கு ஒன்றரை முட்டை. செலவையும் பாருங்கள். ஒரு கோழி நாளுக்கு 120 கிராம் தின்றால், நான்குக்கும் ஆண்டுக்கு 175 கிலோ தீனி வேண்டும். முழுவதையும் கடையில் வாங்கினால் லாபம் இல்லை. மீந்த சோறு, கீரைத்தண்டு, கேழ்வரகு, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு, ஓட்டுக்குக் கிளிஞ்சல் தூள் என்று கலந்து கொடுத்தால் கட்டுப்படியாகும்.

முட்டையிடப் பெட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிப்பதற்குத்தான் சேவல் வேண்டும். ஆகவே அதிகாலைக் கூவலால் பக்கத்து வீட்டாரோடு மனக்கசப்பு வேண்டாம். ஆனால் குஞ்சுகளை ஆண், பெண் பிரிக்காமலே விற்பார்கள். நான்கு பெட்டை வேண்டுமானால் எட்டுக் குஞ்சு வாங்குங்கள். கலப்பினம் ஆகையால், இதன் முட்டையைப் பொரிக்க வைத்தால் அடுத்த தலைமுறையில் அதே குணம் சீராக வராது. புதுக் குஞ்சு வாங்குவதே சரி.

இடமும் சூடும்

இரவுத் தங்கலுக்குக் கோழி ஒன்றுக்கு இரண்டரை சதுர அடி, நான்குக்குப் பத்து. தரையில் மூன்று அங்குலம் நெல் உமி பரப்பி, நனைந்த இடத்தை உடனே மாற்றுங்கள். கனத்த கோழி உயரத்திலிருந்து குதித்தால் பாதம் புண்ணாகும்; உட்காரும் கம்பு ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். சாதுவான இந்தக் கோழியால் வேகமாகப் பறந்து தப்ப இயலாது. பருந்து, பூனை, தெருநாய் மூன்றுக்கும் சேர்த்து மேலும் பக்கமும் வலை கட்ட வேண்டும்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லும். பல்பின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கினால் குளிர். ஓரம் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

தடுப்பூசி

இந்தப் பாடத்தில் மிக முக்கியமானது இதுதான். திருப்பத்தூர்ப் பக்கம் வசிக்கும் என் அக்காளுக்கு இருபது கோழிகள் இருந்தன. முட்டை விற்ற பணம்தான் அவருடைய கைச்செலவு. மகனிடம் கை நீட்டாமல் இருந்தார். ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் பதினேழு போயின. அந்த நோய்க்கு வந்தபின் மருந்து இல்லை. குஞ்சின் ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா, நான்காம் வாரம் மீண்டும் ஒரு முறை, எட்டாம் வாரம் ஆர்2பி ஊசி. இவ்வளவுதான் காப்பு. நாட்களைக் கால்நடை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த மருந்துப் புட்டி பெரும்பாலும் நூறு கோழிக்கோ அதற்கு மேலோதான் வரும். கலக்கியபின் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எட்டுக் குஞ்சுக்காக ஒருவர் வாங்குவது வீண் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனவே வளர்க்க விரும்பும் குடும்பங்கள் ஒன்று சேர்ந்து, ஒரே நாளில் குஞ்சு எடுத்து, ஒரே நாளில் மருந்து போடுவது நல்லது. பத்துக் குடும்பத்துக்கு ஒரு புட்டி போதும். குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டியோடு கொண்டுவர ஓர் ஆளும் போதும்.