முதல் குறையாத நிதி

நான் பஞ்சாலையில் வேலை செய்த நாளில், தொழிலாளராகிய நாங்கள் சம்பளந்தோறும் பத்து ரூபாய் போட்டு மரண சகாய நிதி ஒன்று நடத்தினோம். தோழர் ஒருவர் காலமானார். அவர் மனைவி வந்து கேட்டபொழுது பெட்டியில் ஒன்றுமில்லை. கேட்டவர்க்கெல்லாம் கைமாற்றாகக் கொடுத்திருந்தோம். எவருக்கு எவ்வளவு என்று எழுதி வைக்கவில்லை. அந்த வெட்கமே பொது நிதிகளின் சரித்திரத்தை என்னைத் தேடிப் படிக்கச் செய்தது.

ஐதராபாத்தில் ஒடுக்கப்பட்டோர் கல்விக்கென உழைத்த முன்னோடி பாக்கிய ரெட்டி வர்மா. 1906-இல் ஜகன் மித்திர மண்டலியைத் தொடங்கிய அவர், பின்னர்ப் பாடசாலைகளையும் நிறுவினார். (புத்தர் பிறந்த நாளை இந்நகரில் கொண்டாடியவருள்ளும் அவர் ஒருவர்.) ஆயினும் கொடுப்போர் கையை நோக்கி நிற்கும் பள்ளிக்கு உறுதி ஏது? கொடுப்பவர் மனம் மாறினால் கரும்பலகையும் இறங்கிவிடும்.

1940-களில் பி. எஸ். வெங்கடராவ், சியாம் சுந்தர் முதலிய தலைவர்கள் நிஜாம் அரசிடம் வாதாடினர். ஒடுக்கப்பட்டோர் கல்விக்கென ஒரு கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வெங்கடராவ் 1947-இல் அவ்வரசின் கல்வி அமைச்சராகவும் விளங்கினார்.

ஒரு கோடியின் பொருளைச் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். நூற்றுக்கு மூன்று வீதம் வட்டி வந்தாலும் ஆண்டுக்கு மூன்று லட்சம். முதலைத் தொடாமலே ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சம்பளமும் புத்தகமும் அளிக்கலாம்.

1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்தியாவுடன் இணைந்தது. அரசு மாறினும் அந்நிதி அழியவில்லை. பட்டியல் சாதியினர் அறநிதியாக நிலைத்தது. அப்பொழுது ஔரங்காபாத் ஐதராபாத் இராச்சியத்தைச் சேர்ந்தது. இன்று அந்நகருக்குச் சத்திரபதி சம்பாஜிநகர் என்று பெயர். டாக்டர் அம்பேத்கர் 1945-இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1950-இல் அங்கே கல்லூரி தொடங்கியது. அதற்கு இந்நிதியினின்று கடன் கிடைத்தது. 1951 செப்டம்பர் 1-ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். நாகசேனரிடம் வினாக்கள் தொடுத்த மிலிந்த மன்னன் பெயரை அக்கல்லூரி பின்னர்ப் பெற்றது.

கடன்தானா, தானமில்லையா என்று சிலர் குறைவாக நினைப்பர். எனக்கு அவ்விதம் தோன்றவில்லை. தானம் கொடுத்த இடத்திலேயே நின்றுவிடும். கடனோ திரும்பி வந்து வேறொரு பிள்ளைக்கு உதவும். வாங்கியவரும் தலைகுனிய வேண்டுவதில்லை. ஆலையில் நாங்களும் கடன்தான் கொடுத்தோம். ஆனால் ஏடு இல்லை, தவணை இல்லை, கேட்பாருமில்லை.

இப்பொழுது எங்கள் சங்கத்தில் பௌர்ணமிதோறும் நிதிக் கணக்குப் புத்தகம் மேசைமேல் திறந்தே கிடக்கும். எழுத்தறியாத மூதாட்டியருக்கு நானே உரக்க வாசித்துக் காட்டுகிறேன்.